நண்பகல் பூட்டு: திருமுக்கூடல் கல்வெட்டும் ஊர்ப்புற நூலகமும்

திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1068-ஐ ஒட்டி, வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தமிழக மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுத்தான் போவார்கள். வீரசோழன் என்ற பெயருடைய ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, அதில் 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை என்கிற அறுவை பண்ணுகிற ஒருவர், பச்சிலை பறித்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு நெல் என்று கணக்கும் உண்டு. மருந்துகளின் பெயர்ப்பட்டியல் வேறு தனியாக ஓடுகிறது.

மருத்துவமனை இவ்வளவு பேர் வாங்கிவிட்டதால் அதே கல்வெட்டில் உள்ள இன்னொரு செய்தி பேசப்படாமலே போய்விட்டது. மாதவன் தாமயன் என்ற வணிகர் கட்டிய ஜனநாத மண்டபத்தை ஒட்டி ஒரு பள்ளி நடந்திருக்கிறது. இருக்கு வேதம், யசுர் வேதம், இலக்கணம் கற்பித்தார்கள். படித்தவர்களுக்குச் சோறும் தங்குமிடமும் உண்டு. படுக்கப் பாய், இரவில் எரிக்க விளக்கெண்ணெய், சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் நிவந்தம் வைத்தார்கள். கூடவே, அந்த மண்டபத்துக்கு ஏலமும் இலாமிச்சை வேரும் போட்டு மணமூட்டிய தண்ணீர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் இலாமிச்சை வேர்த் தண்ணீரும் எதற்கென்று தொண்டை மண்டலத்துச் சித்திரை வெயிலில் ஒரு நாள் நின்றவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடம்புச் சூட்டைத் தணிப்பது அந்தப் பள்ளியின் செலவுக் கணக்கில் ஓர் இனமாக இருந்தது.

இதைச் சொல்லிப் பழம்பெருமை பேச வரவில்லை. அந்தப் பள்ளியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை; வேதம் படிக்கப் பிறப்புரிமை உள்ளவர்களுக்கே திறந்திருந்தது. ஆற்றங்கரையில் ஏர் பிடித்தவருக்கு அந்த மண்டபத்து நிழலில் பங்கு இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், கட்டணம் இல்லை, என்ன சாதி என்று கேட்கக்கூடாது என்ற விதியோடு தமிழ்நாட்டில் எழுந்த இடம் பொது நூலகம். 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. அவிநாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி அமைச்சர். ஆக, சோழர் காலத்துக் கல்வெட்டில் உள்ள தண்ணீர்க் கணக்கையும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள திறந்த கதவையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வெப்ப அலையின்போது நூலகத்துக்குப் போங்கள் என்று மேலை நாட்டுச் சுகாதாரத் துறைகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. வீட்டில் குளிர்சாதனம் இல்லையென்றால் பேரங்காடிக்கோ பொது நூலகத்துக்கோ போய்ச் சில மணி நேரம் இருங்கள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழக்கமான கோடை அறிவுரை. நியூயார்க் நகரம் நூலகக் கிளைகளைக் குளிர்ச்சி மையங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பார்சிலோனா சில ஆண்டுகளாக நூலகம், அருங்காட்சியகம், பூங்கா, பள்ளி முற்றம் ஆகியவற்றை இணைத்துத் 'தட்பவெப்பப் புகலிடம்' என்று பெயரிட்டு வரைபடமே வெளியிடுகிறது. அங்கும் கோடை விடுமுறையில் புகலிடங்கள் பல மூடிக்கிடப்பது குறித்துப் புகார் எழாமல் இல்லை. அதிகம் தேவைப்படும் நேரத்தில் பூட்டு தொங்குவது நமக்கு மட்டும் வாய்த்த வழக்கம் அல்ல போலிருக்கிறது.

நம் பெருநகரங்களிலும் இது ஓரளவு நடக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளிரூட்டப்பட்டவை. சொந்தப் புத்தகத்தோடு வந்து படிக்கும் பிரிவில் போட்டித் தேர்வுக்காரர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுகிறார்கள். ஒற்றை அறை வாடகை வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, மே மாதத்தில் உட்கார்ந்து கணக்குப் போட யாராலும் முடியாது. அவர்கள் தேடி வருவது புத்தகமா, மேசையா, குளிரா என்று பிரித்துக் கேட்பதில் பயனில்லை. மூன்றும் சேர்ந்தால்தான் படிப்பு.

ஆனால் திருமுக்கூடலிலிருந்து கோட்டூர்புரம் எவ்வளவு தூரம்! பாலாற்றின் தென்கரையில், செய்யாறும் வேகவதியும் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது ஊர். எதிர்க்கரை பழையசீவரம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு வந்து, ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடலில் மற்றப் பெருமாள்களோடு சேரும் பார் வேட்டை விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்கும் ஊர் வேறு. கத்திரியில் இருக்கும் ஊர் வேறு. மே மாதத்தில் ஆற்றின் அகலம் முழுக்க மணல். நண்பகலில் அந்த மணலில் செருப்பில்லாமல் பத்தடி வைக்க முடியாது. சென்னைக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்று இவ்வளவு உள்ளே வந்து சேர நேரமாகும். சில நாள் வரவே வராது. சுற்றுப்புறத்தில் கல்குவாரிகள், ஜல்லி அரைக்கும் கிரஷர்கள், செங்கல் சூளைகள், வயல் வேலை, நூறு நாள் வேலை. அதாவது உடம்பை வெயிலில் வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்கிற வேலைகள்.

இந்த வேலைகள் உடம்பை என்ன செய்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் குழுவினரும் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளானவர்களுக்குக் கருக்கலையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் அவர்கள். வெயில் சாவு என்றதும் நாம் சாலையோரம் மயங்கி விழும் முதியவரை நினைக்கிறோம். கணக்கில் வராமல் போகிற இழப்பு இப்படியும் இருக்கிறது.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கும் பெரிய ஆயுதம் வேர்வை. வேர்வை காய்ந்தால்தான் சூடு இறங்கும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் காயாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமான உடம்பாலும் தாங்க முடியாது என்று 2010-இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இருவர் கணக்கிட்டார்கள். பென் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட்களை அறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் இளைஞர்களுக்கே எல்லை 31-ஐ ஒட்டி வந்துவிடுவது தெரிந்தது. 'வெயில்கூடப் பரவாயில்லை, புழுக்கம்தான் ஆளைக் கொல்லுது' என்று நம் ஊரில் சொல்வது பேச்சுக்குச் சொல்வதல்ல.

சரி, சில மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மீட், கிளென் கென்னி ஆகியோர் நடத்திய சோதனை 2023-இல் வெளியானது. அறுபது, எழுபது வயதுக்காரர்களைக் கடும் வெப்பத்தில் ஒன்பது மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒரு பிரிவினரை மட்டும் நடுவில் இரண்டு மணி நேரம் குளிரூட்டிய அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவரை உடலின் உள்வெப்பம் நன்றாக இறங்கியது. திரும்பி வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மீண்டும் ஏறி, ஒன்பதாவது மணி முடியும்போது போனவருக்கும் போகாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. குளிர்ச்சி மையமே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இதயம் அந்த இரண்டு மணி நேரம் ஓய்வு பெற்றதும் உண்மை. ஆனால் ஒரு பாடம் தெளிவு: சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் நூலகத்தால் பயனில்லை. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் முழுவதும் உட்கார இடம் தர வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்ப்புற நூலகத்தின் கதவுக்கு வர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின்கீழ் ஏறத்தாழ 4,600 நூலகங்கள் உள்ளன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று படிநிலை. உத்திரமேரூர், வாலாஜாபாத் போன்ற ஊர்களில் கிளை நூலகம். அதற்குக் கீழே கிராமங்களில் ஊர்ப்புற நூலகம். மைய நூலகமும் முழுநேரக் கிளையும் பகல் முழுக்கத் திறந்திருக்கும். கீழே இறங்க இறங்க நேரம் சுருங்கும். சிறிய நூலகங்கள் பல காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்றுதான் இயங்குகின்றன. நடுவில் பூட்டு. வெள்ளிக்கிழமை வாராந்திர விடுமுறை.

இந்த அட்டவணையைப் போட்டவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் செய்தித்தாள் படிக்க வருகிறவர், மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை, வேலை முடித்து வரும் ஆள் என்று வாசகர் வரும் நேரத்தைப் பார்த்துப் போட்டது. வெயிலைப் பார்த்துப் போட்டதில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த நேரத்தைக் கட்டடத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஒற்றை அறை, கான்கிரீட் தளம், மேலே மரநிழல் இல்லை. நாலைந்து அங்குலக் கான்கிரீட் காலையிலிருந்து வாங்கும் சூட்டை உடனே உள்ளே விடாது. மூன்று நான்கு மணி நேரம் பிடித்துவைத்துத்தான் விடும். ஆகவே பன்னிரண்டு, ஒரு மணிக்கு அறைக்குள் வெளியைவிடச் சூடு குறைவு. மாலை நாலு மணிக்கு மேல், வெளியே காற்று லேசாக இறங்கத் தொடங்கும்போது, தளம் தலைக்கு மேலே அடுப்பாகிவிடும். மின்விசிறியைப் போட்டால் மேலிருந்து அனல்தான் இறங்கும். அறை சுகமாக இருக்கும் நேரத்தில் பூட்டி, அறை வேகும் நேரத்தில் திறக்கிறோம். கோடை மூன்று மாதத்துக்கு நேர அட்டவணையைத் தலைகீழாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உச்சிவேளையில் ஊரில் வேறு எது திறந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். கோயில் நடை சாத்தியிருக்கும். திண்ணை வைத்து வீடு கட்டுவது நின்று ஒரு தலைமுறை ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பேருந்து நிழற்குடை இருக்கிறது. அதன் தகரத்துக்குக் கீழே நிற்பதைவிட வெளியே புளியமரத்தடியில் நிற்கலாம். நண்பகல் 12 மணிக்குச் சரியாகக் கதவைத் திறக்கும் அரசு நிறுவனம் ஒன்று உண்டு: டாஸ்மாக். உடம்பில் இருக்கிற நீரையும் வெளியேற்றும் சரக்கை, உடம்புக்கு நீர் அதிகம் வேண்டிய நேரத்தில் விற்கத் தொடங்குகிறோம்.

சிறு நூலகங்களுக்கு இன்னொரு குடும்பமும் உண்டு. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், மாநிலத்தில் உள்ள 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று ஐந்தாண்டுகளில் கட்டினார்கள். வடக்கே வேலூரிலிருந்து தெற்கே குமரி வரை ஒரே சாயலில் இருக்கும் அந்தச் சிறு கட்டடங்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பல இடங்களில் பூட்டித் துருப்பிடித்தது. சில இடங்களில் ஊராட்சியின் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய தெருவிளக்கும் கிடக்கும் அறையானது. இரும்பு பீரோவில் கட்டுப் பிரிக்காத புத்தகங்கள். கட்டடம் கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிற மனம், அதைத் திறந்துவைக்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் ஒதுக்குவதில்லை. சொற்ப மதிப்பூதியத்தில் யார் நாள் முழுக்க உட்காருவார்?

இந்த இடத்தில்தான் பழைய கல்வெட்டுகள் நம்மைவிடக் கறாரானவை என்று தோன்றுகிறது. திருமுக்கூடலுக்குத் தென்மேற்கே, செய்யாறு வட்டாரத்தில் உள்ள உக்கல் என்ற ஊரில் ராஜராஜனின் 29-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அரச ஊழியரான கண்ணன் ஆரூரன் வழியோரத்தில் கிணறும் தொட்டியும் அமைத்துத் தண்ணீர்ப் பந்தலும் வைத்தார். அதற்கு விட்ட நிலத்து வருவாய் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். தொட்டிக்கு நீர் இறைப்பவருக்கு ஒரு பங்கு. பந்தலில் நின்று தண்ணீர் வார்ப்பவருக்கு ஒரு பங்கு. பானை கொடுக்கிறவருக்கு ஒரு பங்கு. கிணறும் தொட்டியும் பழுதானால் சரிசெய்ய ஒரு பங்கு. இன்று நாம் வைக்கும் தண்ணீர்ப் பந்தலில் திறப்பு விழாப் படம் செய்தித்தாளில் வருகிறது. மூன்றாம் நாள் பானை காலி. உக்கல் கல்வெட்டை எழுதியவருக்கு மூன்றாம் நாளைப் பற்றிய கவலை முதல் நாளே இருந்தது. பானை உடையும் என்பதும் தெரிந்திருந்தது.

நூலகத்தை நிழற்கூடமாக்குவது என்றாலே குளிர்சாதனம் வாங்கும் பேச்சாகத் தொடங்கிவிடுகிறது. ஊர்ப்புறத்தில் அது முதல் தேவை இல்லை என்பது என் எண்ணம். கோடைப் பகலில் மின்னழுத்தம் தள்ளாடும் ஊரில் எந்திரம் ஓடாது. ஓடினால் கட்டணம் கட்ட வழியிருக்காது. கெட்டுப்போனால் பார்க்க ஆள் வராது. அதற்கு முன் கூரையைக் கவனிக்கலாம். பழைய வீடுகளில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். அந்தத் தளம் வெயிலை எளிதில் உள்ளே விடாது. அரசுக் கட்டடங்களில் அந்த வேலை இப்போது அருகிவிட்டது. குறைந்தபட்சம் வெள்ளைப் பூச்சாவது பூசலாம். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றை அறிவித்தது. வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சு அறையின் சூட்டைச் சில டிகிரி குறைக்கும். மேற்குச் சன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி. குவாரி லாரிப் புழுதிக்குப் பயந்து மூடியே வைத்திருக்கும் சன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டம் போட்டால் திறந்துவைக்கலாம்.

மின்விசிறிக்கு ஓர் எல்லை உண்டு. 40 டிகிரிக்கு மேல் விசிறி உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே, நிழலில், வேர்க்கிற அளவுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவருக்கு விசிறி நல்ல துணை. கூரையைச் சரிசெய்து அறையை 40-க்குக் கீழே வைத்துவிட்டால் விசிறியும் தண்ணீரும் போதும். தண்ணீர் என்றால் மண்பானை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முடிந்தால் மோர். ஆயிரம் ஆண்டுக்கு முன் திருமுக்கூடலில் இலாமிச்சை வேர் போட்டார்கள். நாம் வெட்டிவேராவது போடலாம், கடையில் கிடைக்கிறது. புத்தகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கூடாது என்பது நூலகர்களின் நியாயமான பயம். பானையை வாசலோரம் வைத்தால் தீர்ந்தது.

ஆள் வருவார்களா? இந்தச் சந்தேகத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிகாகோவில் 1995 ஜூலையில் வீசிய வெப்ப அலை 700-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அதை ஆராய்ந்தபோது, அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகள் கவனத்தில் பட்டன. இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனியே வாழும் முதியவர்கள். ஆனால் நார்த் லான்டேலில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள். சவுத் லான்டேலில் 4 பேர். பின்னதில் கடைத்தெரு உயிரோடு இருந்தது, வயதானவர்கள் தினமும் வெளியே வந்து போகிற பழக்கம் இருந்தது. முன்னதில் கடைகள் மூடி, தெரு ஓய்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள் உள்ளேயே இறந்தார்கள். அவரே பின்னால், 2018-இல், நூலகங்களைச் சமூகத்தின் உள்கட்டமைப்பு என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். ஆபத்து நேரத்தில் மனிதர்கள் புது இடத்தைத் தேடிப் போவதில்லை. கால் பழகிய இடத்துக்கே போகிறார்கள். மே மாதத்துக்கென்று தனியே ஒரு 'குளிர்ச்சி மையம்' திறந்து பலகை வைத்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தினத்தந்தி படிக்கக் காலையில் வந்த பெரியவர் அப்படியே மதியமும் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெரியவர் தூங்கிவிட்டால்? நூலக ஒழுங்கு தூக்கத்தை அனுமதிப்பதில்லை. பதிவேட்டில் கையெழுத்து, அமைதி, நிமிர்ந்த முதுகு. இந்த விறைப்புத்தான் எழுதப் படிக்கத் தெரியாதவரை வாசலிலேயே நிறுத்துகிறது. பெண்களை அதைவிட அதிகமாக நிறுத்துகிறது. செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள், நூறு நாள் வேலை முடித்து மண் ஒட்டிய சேலையோடு வரும் ஒரு பெண்மணி நுழைவாரா? 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் பணியிடத்தில் நிழலும் குடிநீரும் முதலுதவியும் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. பெரும்பாலும் அந்த நிழல் ஏரிக்கரை வேப்பமரம்தான். அவர்களுக்கு நூலகம் என்பது தரையில் பாய் விரித்து உட்காரும் ஒரு பக்கமாக, பிள்ளைகளுக்கு யாராவது கதை படித்துக் காட்டும் நேரமாக இருந்தால் வருவார்கள். பிள்ளை வந்தால் தாய் வருவாள். கோடை விடுமுறையில் நூலகங்களில் நடக்கும் சிறுவர் முகாம்களைக் காலை பத்து மணியிலிருந்து மதியம் பன்னிரண்டுக்குத் தள்ளிப் பார்க்கலாம்.

ரங்கநாதனுக்கு இதில் மறுப்பு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 1931-இல் அவர் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தார். வாசகர் வரவில்லை என்றால் நூலகம் வண்டி கட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைத்த தலைமுறை அது. 2022-இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் முதியோர், உடல்நலம் குன்றியோர் வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். வெப்ப எச்சரிக்கை வரும் நாளில் புத்தகத்தோடு சேர்த்து, 'பாட்டி, தண்ணி குடிச்சீங்களா, நூலகத்துக்கு வர்றீங்களா' என்று கேட்டுவிட்டு வருவது கூடுதல் சுமை ஆகாது.

பணம் எங்கிருந்து வரும்? பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி வசூலாகிறது. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். வசூலித்த நகராட்சிகளும் மாநகராட்சிகளும் பாக்கி வைப்பது பழைய கதை. கிராமத்தில் வீட்டுவரியே சொற்பம். அதில் பத்தில் ஒன்று என்னவாகும்? கூடுதலாக ஒரு மதிய முறைக்கு ஆள் போட அந்தக் கணக்கு தாங்காது.

இன்னொரு கணக்கு இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத் தாக்கால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். மருத்துவ வசதி, தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றுக்கும் பேரிடர் நிதியிலிருந்து செலவிடலாம். நல்ல முடிவு. இந்தியாவில் வெப்பத்தைப் பேரிடர் என்று ஏற்றுக்கொள்ளவே நெடுங்காலம் ஆயிற்று. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதிகமாக இறந்த பிறகுதான், 2013-இல், அந்த நகரம் நாட்டின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. சென்னை மாநகராட்சி 2025-இல் உணவு விநியோக ஊழியர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது. அந்த வரிசையில் ஊர்ப்புற நூலகத்தின் மதிய நேரத்தையும் பேரிடர்ச் செலவாக ஏற்க விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். கட்டடம் இருக்கிறது, விசிறி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. வேண்டியது ஏப்ரல் முதல் ஜூன் வரை நண்பகல் 12 முதல் 4 வரை உட்கார ஓர் ஆளின் சம்பளம், பானைக்கும் தண்ணீருக்கும் ஒரு சிறு தொகை, கூரைக்கு ஒரு முறை பூச்சு.

உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு கோடைக்கு இதைச் செய்து பார்க்கலாம். குடவோலை முறையை 919-லும் 921-லும் கல்லில் வெட்டி, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்து நடத்திய ஊர். வெயிலுக்கு ஒரு பதிவேடு வைப்பது அதற்குப் பெரிய காரியமல்ல. ஒவ்வொரு நூலகத்திலும் சுவரில் ஒரு வெப்பமானி. மதியம் இரண்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று நூலகர் குறிக்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை, அறுபது தாண்டியவர்கள் எத்தனை, எவ்வளவு நேரம் இருந்தார்கள், பானை எத்தனை தடவை நிரம்பியது என்பதும் பதிவாகட்டும். பூச்சுப் பூசிய கட்டடத்தையும் பூசாத கட்டடத்தையும் ஒப்பிடட்டும். ஜூன் முடிவில் அந்தப் பதிவேட்டை மாவட்ட நூலக அலுவலரும் பேரிடர் மேலாண்மை வட்டாட்சியரும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், அடுத்த ஆண்டு எந்தத் தலைப்பில் எவ்வளவு கேட்பது என்று தெரிந்துவிடும்.